அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துடக்கு

பிள்ளையள், உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். போன ஆனி மாதம் நயினாதீவுக் கோயிலுக்குப் போய்வந்த நாளிலிருந்து அப்பா ஏன் பெரியப்பாவோடு கதைப்பதில்லை? அவர் கனடாவிலிருந்து எடுக்கிறபோதெல்லாம் போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஏன் வளவுக்குள் இறங்கிப் போகிறார்? நீங்கள் கேட்கவில்லை. மரியாதைக்குத்தான் கேட்காமல் விட்டீர்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் கேட்காமல் விட்டது என்ன செய்தது என்று கண்டபிறகு, நானாகவே எழுதிவைப்பது நல்லது என்று படுகிறது. வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் அம்மா, "காணும், விடுங்கோ, பிரஷர் ஏறப்போகுது" என்று கதையை நிப்பாட்டிவிடுவா. எழுதுகிறவனை ஒருவரும் நிப்பாட்ட ஏலாது.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தி வாசிக்கட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

நான் தண்ணிப் பவுசர் லொறி ஓடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சாட்டிக் கிணற்றில் நல்ல தண்ணி நிரப்பி, வேலணை கடந்து, பாலத்தால் புங்குடுதீவுக்கு வந்து, இறுப்பிட்டியில் வீடு வீடாகத் தொட்டிக்கு விடுவது. அந்தத் தடித்த குழாயை இழுத்துக்கொண்டு வளவுக்குள் போவது எனக்கு ஒருநாளும் பாரமாகத் தெரிந்ததில்லை. முந்திய வருடம் சோளகக் காற்றுப் பெயர்ந்த காலத்தில்தான் முதல் முதலாக, ஒரு வீட்டுப் படலையடியில், குழாயைக் கீழே போட்டுவிட்டு அதன்மேலேயே குந்தினேன். அந்த வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன, எங்கடை வீட்டுக்கு வரேக்கை மட்டும் களைக்குது? பக்கத்து வீட்டிலை தேத்தண்ணி குடுத்தவையோ?" என்றா. நானும் சிரித்தேன். சிரிக்கவும் மூச்சுக் காணவில்லை.

அம்மாதான் கலைத்துக் கலைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. யாழ்ப்பாணத்தில் நெஞ்சுக்கு ஸ்கான் செய்த டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். நெஞ்சிலிருந்து இரத்தம் வெளிக்கிடுகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. எல்லாருக்கும் அதில் மூன்று இதழ். எனக்கு இரண்டுதான். பிறக்கும்போதே அப்படி. இரண்டு இதழும் சரியாகப் பொருந்தி மூடாததால் வெளியே தள்ளின இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி உள்ளே வருகிறது. வாசலுக்கு அங்காலே இருக்கிற பெரிய குழாயும் வீங்கியிருக்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிணற்றுக்குள் விடுகிற குழாயின் அடியில் ஒரு புட்வால்வு இருக்கும். அது தேய்ந்தால் இறைத்த தண்ணி திரும்பிக் கிணற்றுக்குள்ளேயே போகும். மோட்டர் பாவம், ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிரம்பாது. கடைசியில் மோட்டர் எரியும்.

"புட்வால்வு ஒழுகுது எண்டிறியள்," என்றேன்.

டொக்டர் சிரித்தார். "ஓம். மோட்டர் எரியமுதல் வந்திருக்கிறியள். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வந்திருக்கிறியள். இது குடும்பத்திலை வாற சாமான். தாய் தகப்பன், சகோதரங்கள் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

"தெரியாது ஐயா. அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்."

எங்கள் வீட்டில் அண்ணை சொன்னால் அது எழுத்து. என் ஐயா, உங்கள் அப்பப்பா, செத்தபோது எனக்கு அரைக் களிசான் போடுகிற வயது. அவர்தான் பதினாறு வயதில் தென்பக்கம் போய்க் கடையில் நின்று என்னை வளர்த்தார், பிறகு சண்டைக்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கலியாணம் பேசினதும் அவர்தான். மூத்தவளுக்குப் பேர் வைத்ததும் அவர்தான். அன்றைக்குப் பின்னேரமே அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

நான் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "குழாய் எவ்வளவு வீங்கியிருக்காம்?"

அந்தக் கேள்வி டொக்டர்மார் கேட்கிற கேள்வி. அப்போது எனக்கு அது தட்டுப்படவில்லை. கனடாவில் இருக்கிறவருக்கு எல்லாம் தெரியும்தானே என்று பெருமையாகத்தான் இருந்தது.

"அண்ணை, எங்கடை பக்கத்திலை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ எண்டு டொக்டர் கேக்கிறார்."

லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. இல்லையெண்டு சொல்லு." பிறகு, "தம்பி, செலவை நான் பாக்கிறன், கொழும்பிலை செய்வி. ஊருக்குள்ளை நெஞ்சு வருத்தமெண்டு விடாதை. மூத்தவள் வளர்ந்து வாறாள். அல்சர் எண்டு சொல்லு."

நான் டொக்டரிடம் இல்லையென்று சொன்னேன். ஊருக்கு அல்சர் என்று சொன்னேன்.

கொழும்பில் பெரிய டொக்டருக்குத் தமிழ் தெரியாது. கூட நின்ற இளம் டொக்டர் எங்கடை ஆள். அவர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறதாம். வீங்கின குழாயை வெட்டி எடுத்துவிட்டு, துணியால் நெய்த மாதிரி ஒரு புதுக் குழாயை வைப்பார்கள். என் வால்வு இன்னும் நல்லாக இருந்தால் அதை எறியாமல், பழைய இதழ்களைச் சீராக்கி, அந்தப் புதுக் குழாய்க்குள்ளேயே தைத்துவிடுவார்கள். இதழ்கள் கெட்டுப்போயிருந்தால் அதையும் எறிந்துவிட்டு இரும்பு வால்வு வைப்பார்கள்.

"என்ரை வால்வையே வையுங்கோ," என்றேன். பவுசர்க்காரனுக்குப் பழைய வால்வைக் கழுவித் துடைத்துப் பூட்டுவதுதான் முதல் யோசனை.

"அதுக்குத்தான் பாப்பம். இரும்பு வைச்சால் சாகுமட்டும் இரத்தம் உறையாமல் குளிசை குடிக்கவேணும். அளவு கூடினால் உள்ளுக்கை இரத்தம் போகும், குறைஞ்சால் வால்விலை கட்டி பிடிக்கும். அடிக்கடி இரத்தம் சோதிக்க வரவேணும். நீங்கள் தீவிலை இருக்கிறனீங்கள், என்ன வேலை?"

சொன்னேன். என் கைகளைப் பார்த்தார். குழாய்க் கிளிப் கீறின காயங்கள் முழங்கைமட்டும் இருந்தன. பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவரும் என் கைகளைப் பார்த்தார்.

"திறந்து பாத்தால்தான் தெரியும்," என்றார்கள். அம்மா அன்றைக்குத்தான் நேர்த்திக்கடன் வைத்தா. இவருடைய வால்வு தப்பினாலும் தப்பாவிட்டாலும், ஆள் தப்பினால் காணும், அண்ணனும் தம்பியும் வெறும் மேலோடு நயினாதீவு அம்மனின் உள்வீதியைச் சேர்ந்து சுத்துவார்கள் என்று. அண்ணையையும் ஏன் சேர்த்தா என்றால், நன்றிக்கு. அவரில்லாமல் நாங்கள் கொழும்புக்குப் போயிருக்க ஏலாது.

கண் முழித்தபோது தொண்டைக்குள் குழாய். அதை எடுத்த பிறகும் முதலில் கதைக்க ஏலவில்லை. ஆனால் கதைக்காமல் கிடந்ததில் ஒன்று கேட்டது. டிக், டிக், டிக். சுவரில் மணிக்கூடு என்று நினைத்துத் தலையைத் திருப்பித் தேடினேன். சுவரில் ஒன்றும் இல்லை.

இளம் டொக்டர் வந்து கட்டில் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நாங்கள் கனநேரம் பாத்தனாங்கள். இதழ் ரெண்டும் தடிச்சு, சுண்ணாம்பு பிடிச்சிட்டுது. தைக்க நிண்டு பிடிக்கேல்லை. கொஞ்ச வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் உங்கடை வால்வு உங்களிட்டையே இருந்திருக்கும்."

"எனக்கு அப்ப ஒரு வருத்தமும் இல்லையே ஐயா. எப்பிடித் தெரியும்?"

"அதுதான் இதிலை உள்ள பிரச்சினை. வீட்டிலை ஒராளுக்கு இருக்கெண்டு தெரிஞ்சால்தான் மற்ற ஆக்களைத் தேடிப் பாப்பம். இப்ப உங்களுக்குத் தெரியும். பிள்ளையளைப் பாக்கச் சொல்லுங்கோ. சகோதரங்களையும்."

அதை வைத்துக்கொண்டு நான் முதல் செய்தது என்ன தெரியுமா? வார்டுக்கு மாற்றின அன்றைக்கே அம்மாவிடம் போனை வாங்கி அண்ணைக்கு எடுத்தேன். வசனம் சேர்த்துக் கதைக்க மூச்சு இல்லை. துண்டு துண்டாகச் சொன்னேன். "அண்ணை... நீங்களும்... ஒருக்கா ஸ்கான் செய்யுங்கோ. உங்களுக்கும் இருக்கலாமாம். பிந்தினால் வால்வு போயிடுமாம். எனக்குப் போயிட்டுது. நீங்கள் பிந்தாதேங்கோ."

"ஓம், ஓம், பாக்கிறன். நீ கதையாதை. இஞ்சை கேள், தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடை இறுக்கிப் பிடி. கையூண்டி எழும்பாதை. முதல் கிழமையிலை நெஞ்செலும்பு கிளிக் எண்டும், பயப்பிடாதை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்ரநெற்றிலை பாத்தனான்."

அவர் எனக்காக இன்ரநெற்றில் இருந்து பார்த்திருக்கிறார் என்று அம்மாவுக்குச் சொல்லி அழுதேன். ஒரு கிழமை போய் அவரே போன் எடுத்தார். "ஸ்கான் செய்தனான் தம்பி. ஒண்டுமில்லையாம்." அம்மா ஒரு தேங்காய் உடைத்தா.

பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். இளையவனுக்கு மூன்று இதழ். மூத்தவளே, உனக்கு என்னைப் போல இரண்டு. ஒழுக்கு இல்லை, குழாய் வீங்கவில்லை. வருடா வருடம் பார்த்தால் காணும், குழாய் வீங்கத் தொடங்கினால் வால்வு நல்லாக இருக்கும்போதே செய்து அதைக் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னார். நீ அன்றைக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா, உங்களைத் துலைச்சால் சத்தத்தை வைச்சே கண்டுபிடிக்கலாம்" என்றாய். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் அல்சர்க் கதை கனநாள் நிற்கவில்லை. குறிகட்டுவான் பஸ் கொண்டக்டர் ஒருநாள் என் சேட்டுக் கழுத்துக்குள்ளால் எட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்: "அண்ணை, அல்சர் எண்டு போனனீங்கள், நெஞ்சைப் பிளந்து விட்டிருக்கிறாங்கள். கொழும்பிலை வயிறு எங்கை இருக்கெண்டு தெரியாதோ?"

ஆனியில் கொடியேறினது. பெரியப்பா நேர்த்திக்காகவே வந்தார். அந்தக் காலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குறிகட்டுவானில் படகேறும்போது என்னைக் கையில் பிடித்து ஏற்றினார். கோயில் வாசலில் நான் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டேன். என் காயம் அப்போது செத்தல் மிளகாய் ஒட்டினதுபோல் சிவப்பாகத் தடித்துக் கிடந்தது. நான்கு பேர் பார்த்தார்கள். நான் கூச்சப்படவில்லை. பெரியப்பா சேட்டோடு நின்றார்.

"கழட்டுங்கோ அண்ணை."

"நீ போயிட்டு வா. எனக்குத் துடக்கு."

அவர் ஊருக்கு வருகிற ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவருக்கு ஏதோ ஒரு துடக்கு, சாவுத் தீட்டு என்று இருந்தது. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார். கனடாவில் யாரோ சொந்தத்தில் செத்திருப்பார்கள் என்று நாங்கள் விட்டுவிடுவோம். இந்த முறை நேர்த்தி இருந்தது. அம்மா விடவில்லை.

"அத்தான், என்ன துடக்கு? ஆர் செத்தது?"

"என்ரை மனுசியின்ரை பக்கத்திலை ஒராள்."

"அக்காவின்ரை பக்கமெண்டால் உங்களுக்கு ஏது துடக்கு?"

"இல்லை... எங்கடை பக்கமும்தான். தகப்பன் வழியிலை. தூரம்."

அம்மா இரண்டு அடி பின்னால் போனா. "ஐயோ! அப்ப இவருக்கும் துடக்கெல்லோ! வாசல்மட்டும் வந்திட்டாரே!"

அர்ச்சனைத் தட்டு விற்கிற ஆச்சி இருந்த இடத்திலிருந்தே சொன்னா: "தம்பிமார், அண்ணனுக்கும் தம்பிக்கும் துடக்கு ஒண்டுதான். அது காணியில்லை, பங்கு பிரிக்கேலாது. ஒண்டில் ரெண்டு பேரும் போங்கோ, இல்லாட்டி ரெண்டு பேரும் நில்லுங்கோ. வழியை மறைக்காதேங்கோ."

நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேறொன்று நினைத்தேன். தகப்பன் வழியில், எனக்குச் சொல்லாமல், ஒரு சாவு. எங்களுக்கு நெருங்கின யாரோ செத்துவிட்டார்கள், என் நெஞ்சு தாங்காது என்று இவர்கள் எனக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்து இறங்குதுறைப் பக்கம் இருந்த பூவரசின் கீழே கூட்டிக்கொண்டு போனேன். இதுவரைக்கும்தான் நீங்கள் கண்டது.

"அண்ணை, ஆர் செத்தது? மறைக்காமல் சொல்லுங்கோ. நான் தாங்குவன். எனக்கு இரும்பு வால்வு, ஒண்டும் நடக்காது."

அவருக்கு வேர்த்தது. சுற்றிப் பார்த்தார். "ஒருத்தரும் சாகேல்லையடா," என்று சொல்லிவிட்டு, சேட்டில் மேல் பொத்தான்களைக் கழற்றி இரண்டு பக்கமும் விலத்திப் பிடித்தார்.

கழுத்துக் குழிக்குக் கீழேயிருந்து நேராக ஒரு கோடு. என்னுடையதைப் போல் சிவப்பில்லை. சீமெந்துச் சுவரில் வெடிப்பை அடைத்து வெள்ளையடித்தால் பிறகும் ஒரு கோடு தெரியுமே, அப்படி வெளுத்துப்போய், பழசாக.

எனக்கு அப்போதும் முழுக்க விளங்கவில்லை. "உங்களுக்கும் செய்ததோ? எப்ப? ஸ்கானிலை ஒண்டுமில்லையெண்டனீங்களே..."

"அது கனகாலம். நீ பவுசர் வேலைக்குச் சேர்ந்த மூட்டம்."

"என்ன வால்வு வைச்சவை?"

"என்ரைதான். குழாயை மட்டும் மாத்தி என்ரை வால்வைத் திருப்பித் தைச்சவங்கள். அங்கை அதெல்லாம் வடிவாச் செய்வாங்கள்." சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்துபோனது. வந்ததை அவரும் உணர்ந்து பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

பவுசர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நான் நிரப்பின இரண்டு கலனைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவர் அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிணற்றடியில் பெனியனோடு குளித்தார். சாட்டிக் கடலுக்கு எல்லாரும் போனபோது, வெய்யில் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கழுத்துமட்டும் பூட்டின சேட்டோடு மணலில் இருந்தார். நீங்கள் இரண்டு பேரும் அவருடைய காலை மண்ணால் மூடி விளையாடினீர்கள்.

"அங்கை டொக்டர் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"சகோதரங்களுக்குச் சொல்லச் சொல்லி."

கழுத்துப் பொத்தானையும் பூட்டினார். "சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்ரை சின்னவளுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்த நேரமடா. பெடியன்ரை ஆக்களும் எங்கடை ஊர்தான். இஞ்சை ஒராளுக்குச் சொன்னால் விடியமுதல் அங்கை போயிடும்."

"எனக்குச் சொல்லி, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டால் நான் சொல்லியிருப்பனோ? அல்சர் எண்டு சொல்லெண்டியள், சொன்னனானே."

"நீ சொல்லமாட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போவாய், ஆரும் காண்பினம், கதை வெளிக்கிடும். உன்ரை மூத்தவளுக்கும் சேர்த்துத்தானடா மறைச்சனான். நெஞ்சு வருத்தக் குடும்பமெண்டு பேர் விழுந்தால் எங்கடை வாசலுக்கு ஆர் வருவான்?"

"அவள் அப்ப இரட்டைப் பின்னலோடை பள்ளிக்கூடம் போன பிள்ளை அண்ணை."

அவர் கடலைப் பார்த்தார். படகொன்று ஆட்களை இறக்கிக்கொண்டு நின்றது. நான் இன்னொரு கேள்வியைக் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அவரோடு கதைத்துக்கொண்டிருப்பேனோ என்று சிலவேளை யோசிப்பதுண்டு.

"உங்கடை பிள்ளையளைப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எப்ப?"

"அப்பவே."

அவ்வளவுதான், பிள்ளையள். அவர் எனக்குச் சொல்லாததைப் பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவருடைய பயம், எனக்கும் அது விளங்கும். டொக்டர் கேட்கிறார் என்று நான் எடுத்தபோது, "இல்லையெண்டு சொல்லு" என்றதையும், வாயில் வந்துவிட்டது என்று விடலாம். ஆனால் தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, வருடா வருடம் இங்கே வந்து உங்களுக்குச் சொக்கிலேட் தந்துவிட்டுப் போனாரே. உங்களைத் தூக்கி நெஞ்சோடு வைத்திருந்தாரே. அதற்கு எனக்கு ஒரு பேரும் தெரியவில்லை.

காற்று விழுந்திருந்தது. இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். "உன்ரை மணிக்கூடு பலத்த சத்தமாக் கிடக்கு."

நான் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். கையில் மணிக்கூடு இல்லை.

அவர் பூவரசில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். நான் பிடிக்கவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம், "அண்ணைக்குச் சுகமில்லை, இண்டைக்கு வேண்டாம்" என்றேன். நேர்த்தி செய்யாமலே அடுத்த படகில் திரும்பினோம். அவர் முன்னால் இருந்தார், நான் பின்னால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அங்கேதான் என் நெஞ்சுச் சத்தம் ஒருவருக்கும் கேட்காது.

அம்மாவுக்கு இன்றைக்குவரை முழுக்கச் சொல்லவில்லை. இதை வாசித்த பிறகு நீங்களே சொல்லுங்கள். அவ நேர்த்தி கிடக்கிறதே என்று கவலைப்படுகிறா. கிடக்கட்டும். அம்மனுக்குத் தெரியும் யார் வாசலில் நின்றது என்று.

மூத்தவளே, உன்னைப் பெண் கேட்டு யாரும் வந்தால் அவர்களுக்குச் சொல்வதா விடுவதா என்பதை நீ தீர்மானி. உன் நெஞ்சு, உன் வாய். சொல்லவேண்டும் என்றால் நான் பக்கத்தில் இருந்து சொல்வேன். ஆனால் ஒரு வருடமும் ஸ்கானைத் தவற விடாதே. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் பார். ஊருக்கு மறைக்கிறதை ஊருக்கு மறை, உன் தம்பிக்கு மறைக்காதே. இளையவனே, உனக்கு மூன்று இதழ் என்று நீ தப்பினதாக நினைக்காதே. அக்கா போகிறாவா என்று கேட்கிற வேலை உன்னுடையது.

கடைசியாக ஒன்று. பெரியப்பா வெளிக்கிட்ட அன்று காலை, வாகனத்துக்குள் ஏறியிருந்துகொண்டு ஒரு பையை என் கையில் வைத்தார். பிறகு பிரித்துப் பார்த்தேன். நல்ல தடித்த துணியில் இரண்டு சேட்டு. கழுத்துமட்டும் பூட்டுகிறது. "இதைப் போட்டுக்கொண்டு திரி. கண்டவனுக்கெல்லாம் நெஞ்சைக் காட்டாதை. பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனவர்.

அடுத்த நாள் வேலைக்கு அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். பழக்கம்தான். அண்ணை தந்தால் போடுவது. சாட்டிக் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. குழாயைப் பவுசர்த் தாங்கியில் பொருத்தி மோட்டரைப் போட்டேன். பொருத்தில் றப்பர் வாசர் போயிருக்கவேண்டும், பீச்சி அடித்தது. பாதித் தண்ணி மணலுக்குள் போனது. கட்டுவதற்குச் சீலைத் துண்டு தேடினேன், ஆசனத்துக்குக் கீழேயும் இல்லை.

சேட்டின் மேல் பொத்தானிலிருந்து கீழ்ப் பொத்தான்மட்டும் கழற்றினேன். உதறினேன். பொருத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, சேட்டுக் கைகள் இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டு, அதற்குமேல் நைலோன் கயிற்றால் இறுக்கினேன். பீச்சல் நின்றது. சொட்டுச் சொட்டாக மட்டும் விழுந்தது. தாங்கி நிரம்புமட்டும் வெறும் மேலோடு வெய்யிலில் நின்றேன். பஸ் ஒன்று றோட்டால் போனது. நான் திரும்பி நிற்கவில்லை.